காலடியில் தாழும் பிரேக் மிதி



மலைநாட்டுச் சாரதிகளுக்கு ஏற்றத்தைப் பற்றிய அச்சம் பெரிதாக இருப்பதில்லை. ஏற மறுக்கும் வண்டி நின்றுவிடும். சக்கரத்தின் பின்னே ஒரு கல்லை அண்டக்கொடுத்துவிட்டு ஆளனுப்பலாம். அச்சமெல்லாம் இறக்கத்தைப் பற்றியதே. 2023ஆம் ஆண்டு சனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லைக் குறுக்குவீதியில் பேருந்து ஒன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு பேர் மாண்ட செய்தியை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது சாரதியின் காலடியிலுள்ள ஒரு சிறு மிதி. அந்த மிதி தாழ்ந்து போவதைப் பற்றி, அதிலும் குறிப்பாகப் பழைய மோட்டார் வண்டிகளில் அது தாழ்வதைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

உடப்புசல்லாவைப் பகுதிக்கு ஒருகாலத்தில் இருப்புப்பாதையும் துணையாக இருந்தது. நானுஓயாவில் தொடங்கி, நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை வந்த இரண்டரை அடி அகலப் பாதை அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த அப்பாதை 1940களில் மறைந்தது. அதன் பின்னர், தேயிலைப் பெட்டியாயினும் நோயாளியாயினும் பரீட்சைத்தாள் கட்டாயினும், இங்கிருந்து வெளியே செல்ல வீதி ஒன்றே வழி. ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமாக வளைந்து செல்லும் அவ்வீதியில், மழைக்காலத்து மூடுபனியில், பத்து யாருக்கு அப்பால் என்ன வருகிறதென்று தெரியாது.

இத்தகைய வீதியில் அறுபது, எழுபது வயதான வண்டிகள் இன்னும் ஓடுவது வெளியூர் அன்பர்களுக்கு வியப்பைத் தரலாம். காரணம் ஆசை மட்டுமன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் வண்டிகளின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முன் வந்திறங்கிய ஆங்கில வண்டிகளையே மக்கள் தைத்துத் தைத்து உடுத்தும் வேட்டியைப்போலப் பேணிவந்தனர். பின்னர் 2020 மார்ச்சில் மீண்டும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேதான் தனியார் வண்டிகளுக்குக் கதவு திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில், கொட்டிலில் தூசி படிந்து கிடந்த பல பழைய வண்டிகள் கழுவப்பெற்று வீதிக்கு வந்தன. இயந்திரத்தை ஓடச்செய்தவர்கள் எல்லோரும் பிரேக்கையும் பார்த்தார்களா என்பது எனக்கு ஐயமே.

பழைய வண்டிகளுள் நம்மூரில் அதிகம் காணப்படுவது மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமான வண்டி அது. 1956இல் மைனர் ஆயிரம் என்னும் வகை வந்தது. 1962இல் இயந்திரம் 1,098 கன சென்ரிமீற்றராகப் பெருத்தபோது, முன்சக்கரங்களின் பிரேக் ட்ரம்மும் ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாயிற்று. உற்பத்தி நின்றது 1970களின் தொடக்கத்தில். அதற்குள் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்துவிட்டன. என்னிடமுள்ளதும் ஒரு மைனர்தான். ஆகவே அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றேன். சொல்பவற்றுள் பெரும்பகுதி அக்காலத்து ஒஸ்டினுக்கும் பிறவற்றுக்கும் பொருந்தும்.

பிரேக் எவ்வாறு வேலை செய்கிறது? நான் கலைப் பட்டதாரி, பௌதிகம் கற்பித்தவனல்லன். ஆயினும் இதனை விளங்கிக்கொள்ளப் பெரிய கணிதம் தேவையில்லை. அடைத்த பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தினால், அவ்வழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிய அறிஞர் பஸ்கால் எடுத்துரைத்த விதி. அமெரிக்கராகிய மல்கம் லொக்கீட் என்பவர் 1917இல் இவ்விதியை மோட்டார் வண்டியின் பிரேக்குக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றார். மைனரிலுள்ளதும் அவர் பெயர் தாங்கிய லொக்கீட் பிரேக்கே. சாரதி மிதியை மிதிக்கும்போது, தரைப்பலகைக்கு அடியிலுள்ள மாஸ்டர் சிலிண்டரில் ஒரு முசலம் முன்னே நகர்ந்து பிரேக் ஒயிலைத் தள்ளுகிறது. ஒயில் மெல்லிய குழாய்கள் வழியே சென்று சக்கரங்களிலுள்ள சிறு சிலிண்டர்களை விரிக்கிறது. அவை பிறைவடிவான ஷூக்களைத் தள்ள, ஷூவின் மேலுள்ள லைனர், சுழலும் ட்ரம்மின் உட்சுவரில் உராய்ந்து சக்கரத்தை நிறுத்துகிறது.

ஈண்டு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மைனரின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்று என ஆறு சிலிண்டர்கள், ஷூக்கள் எட்டு. இவ்வளவையும் நகர்த்த வேண்டிய ஒயில் முழுவதும் ஒரேயொரு மாஸ்டர் சிலிண்டரிலிருந்தே வரவேண்டும். ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடையே ஒரு கடதாசிக் கனம் இடைவெளி கூடினாலும், எட்டு ஷூக்களின் கணக்கும் சேர்ந்து மிதியில் பெருந்தாழ்வாகத் தெரியும். மற்றொன்று: அந்த ஒயில் ஓடுவது ஒரே தொடர்பாதை. பிற்கால வண்டிகளில் பாதை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று பழுதானால் மற்றது பாதி வண்டியையாவது நிறுத்தும். மைனருக்கு அந்த வசதி இல்லை. நான்கு சக்கரங்களுள் ஒன்றில் ஒயில் கசிந்து தீர்ந்தால் நான்கிலும் பிரேக் இல்லை. கைப்பிரேக் ஒன்றே எஞ்சும்.

ஓர் அங்குலமோ சற்றுக் கூடவோ அமிழ்ந்ததும் உறுதியாகப் பிடிக்க வேண்டிய மிதி, தரைப்பலகையை நெருங்கிய பின்னரே பிடிக்குமாயின் அதனைத் தாழ்ந்த மிதி என்கிறோம். அவ்வாறு தாழ்ந்த மிதியோடு ஆண்டுக்கணக்காக வண்டியோட்டுவோர் உண்டு. “இரண்டு மிதி மிதித்தால் பிடித்துவிடும்” என்பார்கள். இரண்டாம் மிதிக்கு ஒரு விநாடி தேவை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி அந்த ஒரு விநாடியில் பதினொரு மீற்றர் சென்றுவிடும். நமது வளைவுகள் பலவற்றில் வீதியின் விளிம்புக்கு அவ்வளவு தூரம் இருப்பதில்லை. நானும் அந்த இரண்டு மிதிக்காரர்களுள் ஒருவனாகவே இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் வண்டியை நான் வாங்கியது ஓய்வுபெற்ற தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒருவரிடமிருந்து. மிதி தாழ்ந்து வரவே, லைனர் தேய்ந்துவிட்டதென்று கருதி ஒரு கராஜில் எட்டுக்கும் புதிய லைனர் போட்டேன். மிதி உயர்ந்தது; ஆனால் உறுதி பெறவில்லை. பஞ்சுமூட்டையை மிதிப்பதுபோல இருந்தது. குழாயில் எயார் புகுந்துள்ளது என்றார்கள், எயார் எடுத்தார்கள். மறுவாரம் மீண்டும் எடுத்தார்கள். மூன்றாம் முறையும் எடுத்தார்கள். ஒயில் போத்தல்கள் தீர்ந்தன, பணமும் தீர்ந்தது, மிதி மட்டும் அப்படியே இருந்தது. அதன் பின்னரே, நாற்பது ஆண்டுகள் தோட்டத்து லொறியோட்டி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரிடம் போனேன்.

அவர் ஸ்பானரைத் தொடவில்லை. வண்டியைப் பிரட்டுக்களத்துச் சமதரையில் நிறுத்தச் சொல்லி, உள்ளே ஏறியமர்ந்து மிதியை மிதித்தார். “சேர், வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி இது. ஒரு மிதியில ஒண்ணும் தெரியாது. மூணு விதமா மிதிச்சுப் பாக்கணும்” என்றார். அந்த மூன்று விதங்களே இப்பேச்சின் சாரம். மைனரில் காலின் விசையைப் பெருக்கும் கருவி எதுவுமில்லை; ஆகையால் இயந்திரத்தை இயக்காமலேயே இச்சோதனையைச் செய்யலாம்.

முதலாவது, ஒருமுறை நிதானமாக மிதித்து விட்டுவிட்டு, உடனே மறுபடியும் மிதிப்பது. முதல் மிதி தாழ்ந்து, இரண்டாவது உயர்ந்து, இரண்டு முறையும் கடைசியில் கல்லைப்போல உறுதியாக நின்றால், ஷூக்களுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி மிகுந்துவிட்டது என்பது பொருள். இரண்டாவது, மிதியின் உறுதியைக் காலால் உணர்வது. எவ்வளவு மிதித்தாலும் அது தோலுருண்டைபோல அமுங்கி எழுந்தால், எங்கோ ஒன்று அமுங்குகிறது; பெரும்பாலும் அது காற்று. மூன்றாவது, மிதித்தபடியே காலை ஒரு நிமிடம் எடுக்காமல் வைத்திருப்பது. மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கி அமிழுமாயின், ஒயில் எங்கோ வழிவிட்டு ஓடுகிறது. இம்மூன்றுள் மூன்றாவதே மிகவும் அபாயமானது. அந்த வண்டியை அவ்விடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். கராஜுக்குக்கூட ஓட்டிச் செல்லலாகாது.

இடைவெளி மிகுந்தது என்று தெரிந்தால் மருந்து எளிது. பலர் இதைச் செய்யாமலேயே எயார் எடுக்கத் தொடங்குவதுதான் வேடிக்கை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்து, ஒவ்வொரு சக்கரமாக ஜக்கில் உயர்த்த வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே கை நுழைக்கலாகாது. கனத்த மரக்குற்றி ஒன்றை அடியில் வைப்பது அவசியம். ட்ரம்மின் முகப்பில் ஒரு துளை இருக்கும். சக்கரத்தைச் சுழற்றி, அத்துளைக்கு நேராக உள்ளேயிருக்கும் திருகு தெரியும்படி நிறுத்தித் திருப்புளியால் அத்திருகைத் திருப்புவது. ஷூ ட்ரம்மைப் பற்றிச் சக்கரம் சுழலாமல் நின்றதும், ஒரு படி பின்வாங்கினால் போதும். முன்சக்கரத்தில் இத்தகைய திருகுகள் இரண்டு. ஒன்றைத் திருப்பிவிட்டு மற்றதை மறப்பவர் பலர்.

பின்சக்கரங்களைச் சரிசெய்யும்போது கைப்பிரேக்கை முழுதும் தளர்த்த வேண்டும். இங்கே ஒரு பொல்லாத பழக்கத்தைக் குறிப்பிடல் தகும். மிதி தாழ்ந்தால், ஷூவைத் திருப்பாமல் கைப்பிரேக்கின் கம்பியை இறுக்கிவிடுவார்கள். கம்பி இழுப்பதால் பின் ஷூக்கள் ட்ரம்மருகே நிற்கும்; மிதி உயர்ந்ததுபோலத் தோன்றும். உண்மையில் லைனர் ஓயாமல் உராய்ந்து சூடாகிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்கவும், பின்சக்கரத்தின் இடைவெளியை அறியவும் ஒரே சோதனை போதும். கைப்பிரேக்கைத் தளர்த்தி மிதியைப் பாருங்கள்; பின்னர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு மிதியைப் பாருங்கள். இழுத்தபோது மிதி நன்றாக உயர்ந்தால், குறை பின்சக்கரங்களில் உள்ளது. உயரவில்லையானால் முன்சக்கரங்களைப் பார்க்க வேண்டும். முதலில் ஷூ, பிறகே கம்பி. இந்த வரிசை மாறக்கூடாது.

மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ஆணியும், மிதி தொங்கும் அச்சின் புஷ்ஷும் தேய்ந்தாலும் மிதி வீணாகச் சிறிது தூரம் அசையும். கையால் அசைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஆனால் அந்த அசைவு முற்றிலும் இல்லாதபடி இறுக்கிவிடலாகாது. முசலம் முழுதும் பின்னே வரச் சிறிதளவு தளர்வு வேண்டும். இல்லையேல் ஒயில் திரும்பிச் செல்லும் சிறுதுளை அடைபட்டு, பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

இனி, பஞ்சுபோன்ற மிதி. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் சிறு குமிழி இருப்பினும் நமது காலின் விசை அக்குமிழியை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். எயார் எடுப்பதற்கு இருவர் வேண்டும்: ஒருவர் மிதியில், மற்றவர் சக்கரத்தருகே. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்கி, அண்மையிலுள்ளதில் முடிப்பது முறை. நிப்பிளில் ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனை ஒயிலுள்ள போத்தலில் அமிழ்ந்திருக்க, குமிழி வருவது நிற்கும்வரை செய்ய வேண்டும். இடையிடையே மாஸ்டர் சிலிண்டரில் ஒயில் குறையாமல் பார்த்துக்கொள்ளாவிட்டால், எடுத்த காற்றைக்காட்டிலும் அதிகமான காற்று மேலிருந்து உள்ளே போகும். மைனரில் அந்தச் சிலிண்டர் சாரதியின் காலடியில், விரிப்புக்குக் கீழே, ஒரு மூடியின் அடியில் ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கிப் பார்க்கும் சிரமத்தால், அதில் ஒயில் எவ்வளவு உள்ளதென்று மாதக்கணக்காகப் பாராமல் இருந்துவிடுவோர் மிகுதி. மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். தேயிலை மலையின் செம்மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தால் றப்பர்கள் கீறிப்போகும்.

மூன்றாவது வகையான அமிழும் மிதிக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வெளியே கசிவது. சக்கரத்தின் உட்புறம், டயரின் உட்சுவர், குழாய்களின் இணைப்பு, தரைப்பலகையின் அடி ஆகிய இடங்களில் ஈரம் தெரியும். மலைநாட்டில் எப்போதும் ஈரந்தானே என்பீர்கள். விரலால் தொட்டுப் பாருங்கள், பிரேக் ஒயில் வழுவழுப்பாக இருக்கும், சீக்கிரம் உலராது. (தொட்டபின் கையைக் கழுவுங்கள், வண்டியின் பூச்சில் பட்டால் பூச்சையும் உரித்துவிடும்.) மற்றது, உள்ளேயே கசிவது. மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் தேய்ந்து, ஒயில் முசலத்தைச் சுற்றிப் பின்னே வழிந்துவிடும். வெளியே ஒரு துளி ஈரமும் தெரியாது. ஒயிலின் அளவும் குறையாது. சாரதி எல்லாம் சரியென்று நினைப்பார். அவசரத்தில் சட்டென்று மிதித்தால் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் மெதுவாக மிதித்துக்கொண்டே வந்தால் மிதி தரையைத் தொடும்.

இந்த றப்பர்களைக் கெடுப்பதில் முதலிடம் தவறான ஒயிலுக்கே. பிரேக் ஒயில் என்று நாம் அழைத்தாலும் அது எண்ணெய் இனமன்று. அவசரத்துக்கு இயந்திர ஒயிலை ஊற்றினால், அக்காலத்து றப்பர்கள் உப்பி ஊறிப் பயனற்றுப்போகும். அப்படி ஒருமுறை ஊற்றிவிட்டால், கழுவினால் தீராது. றப்பர்களும் ஹோஸ்களும் யாவும் மாற்றப்படவேண்டும்.

இப்போது என் வண்டிக்கு வருவோம். முதியவர் மூன்று விதமாகவும் மிதித்துப் பார்த்தார். மிதி அமிழவில்லை; ஆகவே கசிவில்லை. இரண்டாம் மிதிக்குப் பெரிதாக உயரவுமில்லை. ஆகவே இடைவெளி சரி. அமுங்குகிறது. ஆனால் எயார் எடுத்துப் பார்த்தால் ஒரு குமிழியும் வரவில்லை. மைனரில் வளையக்கூடிய றப்பர் ஹோஸ்கள் மூன்று: முன்னே இரண்டு, பின்னே ஒன்று. அவற்றை மழுங்கிய வாயுடைய இடுக்கிகளால் மெதுவாக அடைத்துவிட்டு மிதித்தார். மிதி உயர்ந்து கல்லாக நின்றது. எனவே மாஸ்டர் சிலிண்டரிலும் இரும்புக் குழாய்களிலும் குறையில்லை. பின்னர் ஒவ்வோர் இடுக்கியாக எடுத்தார். பின்பக்கத்தைத் திறந்தபோது மிதி சற்றே தாழ்ந்தது, உறுதி கெடவில்லை. முன் இடப்பக்கத்தைத் திறந்ததும் பஞ்சு வந்துவிட்டது. (பழைய, வெடிப்புக் கண்ட ஹோஸை இவ்வாறு இடுக்கினால் அது உள்ளே கிழியக்கூடும். அத்தகைய ஹோஸ் மிதிக்கும்போது உப்பவும் செய்யும். அதனை இடுக்கிப் பார்ப்பதைவிட மாற்றுவதே மேல்.)

ட்ரம்மைக் கழற்றினோம். புதிய லைனரின் நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பளபளப்பு; இருமுனைகளும் ட்ரம்மைத் தொட்ட அடையாளமே இல்லை. அந்த ட்ரம் முன்னொரு காலத்தில் பலமுறை கடைச்சலில் இடப்பட்டிருந்தது. அதனால் அதன் உள்வட்டம் பெருத்துவிட்டது. புதிய லைனரோ பழைய சிறிய வட்டத்துக்கு அமைந்தது. நடுப்பகுதி மட்டும் தொட, மேலும் மிதிக்கும்போது இரும்பு ஷூவே வில்போல வளைந்துகொடுத்தது. நான் காற்றென்று எண்ணி மூன்று முறை பணம் கொடுத்து எடுக்கச் சொன்னது, அந்த வில்லின் வளைவைத்தான்! ட்ரம்மின் உள்ளே சுண்ணக்கட்டியைப் பூசி, ஷூவை வைத்து அசைத்துப் பார்த்து, சுண்ணம் ஒட்டிய மேடுகளை முதியவர் அராவிக் குறைத்தார். பழைய லைனர்களில் கல்நார் கலந்திருப்பது வழக்கம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதனால் அவ்வேலையை நனைத்த துணியோடு செய்தார். எவரையும் தூசியை ஊத விடவில்லை. முடிந்தபோது மிதியின் பஞ்சுத்தன்மை முக்கால் பங்கு போயிற்று. எஞ்சியது இரண்டு வார ஓட்டத்தில் லைனர் படிந்தபின் போயிற்று. வசதியுள்ளவர்கள் இந்த அராவும் வேலையை, ட்ரம்மின் அளவுக்கு லைனரைச் சாணை பிடிக்கும் பட்டறையிடமே விட்டுவிடலாம். ட்ரம் மிகவும் மெலிந்திருந்தால் எந்த லைனரும் உதவாது. ட்ரம்மையே மாற்ற வேண்டும்.

காலையில் நன்றாயிருந்த மிதி, நீண்ட இறக்கத்தின் அடிவாரத்தில் தாழ்ந்துபோவது வேறு நோய். அதன் காரணம் வெப்பம். நான்கு பேரை ஏற்றிய மைனர் ஏறக்குறைய ஓராயிரம் கிலோகிராம் இருக்கும். அது 600 மீற்றர் உயரம் இறங்கும்போது விடுவிக்கும் சக்தி, பதினேழு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். சாரதி கியரைத் தாழ்த்தாவிட்டால் எஞ்சியதெல்லாம் நான்கு ட்ரம்களிலேதான் இறங்கும். ட்ரம் சூடேறி விரிய, லைனரின் பிடிப்பும் குறையும். இன்னும் கொடியது ஒயில் கொதிப்பது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்லமெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 எனப்படும் வகை, புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்தபின் 140 பாகை தாங்கினாலே போதும் என்று அதே விதி சொல்கிறது. டொட் 4 வகைக்கு அவ்வெண்கள் 230, 155. கொதித்த ஒயில் ஆவியாகும். ஆவி காற்றைப்போல அமுங்கும். மிதி தரையைத் தொடும். அரைமணி நேரம் நிறுத்தி ஆறவிட்டால் மிதி மீண்டும் சரியாகிவிடும். அதனாலேயே பலர் இதனை நோயென்று எண்ணாமல் மறந்துவிடுகிறார்கள். ஆண்டில் பாதி நாள் மூடுபனியில் நிற்கும் நம் வண்டிகளுக்கு, ஒயில் தெளிவாகத் தெரிந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றிவிடுவது நன்று.

இறங்கும்போது எந்தக் கியரில் இறங்குவது என்பதற்குப் பழைய சாரதிகளிடம் ஒரு கணக்குண்டு: ஏறும்போது எந்தக் கியர் வேண்டுமோ, இறங்கும்போதும் அதுவே. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, இயந்திரத்தை நிறுத்திவிட்டு நியூற்றலில் மலையிறங்கிய வண்டிகளை நான் என் கண்ணால் கண்டேன். மிச்சமான பெற்றோல் அரைப்போத்தல் இருக்கலாம். அந்த அரைப்போத்தலுக்காக முழுச்சுமையையும் லைனர்மீது ஏற்றியவர்களை என்னென்பது!

இறக்கத்தில் மிதி தரையைத் தொட்டுவிட்டால் செய்ய வேண்டியவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரைந்து விரைந்து மிதியுங்கள். சில வேளை ஒயில் திரண்டு பிடிப்புக் கிடைக்கும். உடனே கியரைத் தாழ்த்துங்கள். மைனரின் முதற்கியர் ஓட்டத்தில் எளிதாக விழாது. அதனோடு மல்லாடி நியூற்றலில் சிக்கிக்கொள்ளாமல் இரண்டாவதைப் பிடியுங்கள். கைப்பிரேக்கின் குமிழை அழுத்தியவாறே படிப்படியாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். வேறு வழியில்லையென்றால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல், மண்மேட்டுப் பக்கமாக வண்டியை உரசவிடுங்கள். தகரம் கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம்.

பழுது பார்த்தபின் பரிசோதிப்பது எங்கே? முதியவர் என்னை இறக்கத்தில் விடவில்லை. முதலில் களத்திலேயே முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்தச் சொன்னார். பிறகு இராகலைப் பக்கம் ஏறுகிற வீதியில் ஏறி, ஏற்றத்திலே நிறுத்திப் பார்க்கச் சொன்னார். அங்கே பிடிக்காவிட்டாலும் வண்டி தானாகவே நின்றுவிடும் அல்லவா? அவ்வாறு நான்கு முறை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை வைத்து எது அதிகம் சுடுகிறது என்று பார்த்த பிறகே திரும்பி இறங்கினோம்.

விடைபெறுகையில், தேயிலைக் கவ்வாத்தில் வெட்டிய குச்சி ஒன்றை எடுத்து, மிதியை முழுதும் மிதித்த நிலையில் அதற்கும் தரைப்பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, கத்தியால் ஒரு கீறல் போட்டுத் தந்தார். மாதம் ஒருமுறை அக்குச்சியை வைத்துப் பார்க்கின்றேன். சென்ற ஞாயிறன்று மிதி கீறலுக்கு அரை விரற்கடை கீழே நின்றது. இந்தச் சனிக்கிழமை மழை விட்டால், ஜக்கையும் திருப்புளியையும் எடுக்க வேண்டும்.